அறுந்த நரம்பை யார் கணக்கில் எழுதுவது?



மழை முடிந்து, பெரியாறு தண்ணீரும் வந்து, மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் நிறைந்துவிட்டால் எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "மாப்ள, விராலுக்கு எத்தனை பவுண்டு நரம்புடா வாங்கலாம்?"

கேட்கிறவன் கையில் செல்போன் இருக்கும். அதில் கனடாவின் பிரேசர் நதியில் யாரோ ஒருவர் ஆள் உயரத்தைத் தாண்டிய ஸ்டர்ஜன் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவர் போட்டிருப்பது 100 பவுண்டு பின்னல் நரம்பு. நம்ம ஆள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவான்: "அவ்வளவு வேணாம்டா, 80 பவுண்டு போதும்." ராடு, ரீல், நரம்பு, கலர் கலராகப் பத்து ரப்பர் தவளை எல்லாம் ஒரே பெட்டியில் வீட்டுக்கே வந்து சேரும்.

தூண்டில் போடுவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கொஞ்சம் நீளமானது. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு பற்று வரவுக் கணக்குதான். நம்மில் பலர் அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நான் சொல்ல வருவது இதுதான். நரம்பு வாங்கும்போது எல்லோரும் "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, "அறுந்தால் எந்த இடத்தில் அறும்?" என்பது. நரம்பு என்றைக்காவது ஒருநாள் அறுந்தே தீரும். அறாத நரம்பு என்று ஒன்று இதுவரை விற்பனைக்கு வரவில்லை :-)

முதலில் அந்த ஸ்டர்ஜன் கதையை முடித்துவிடுவோம். அது நம் நாட்டு மீன் இல்லை. காஸ்பியன் கடல் பக்கமும், வட அமெரிக்க நதிகளிலும், இன்னும் சில குளிர்ந்த நாட்டு ஆறுகளிலும் இருக்கிற மீன். அதன் முட்டையைத்தான் கேவியர் என்று தங்கத்தைப் போல விலை வைத்து விற்கிறார்கள். பிரேசர், கொலம்பியா நதிகளில் இருக்கும் வெள்ளை ஸ்டர்ஜன் மூன்று மீட்டரையும் தாண்டி வளரும், நூறு வயது வரைக்கும் வாழும். உடம்பில் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். நரம்பு அதில் உரசினால் அறுபடும். ஆற்றின் அடியில் இரை தேடும் மீன் என்பதால், வேகமாக ஓடும் தண்ணீரில் இரையை அடியில் நிறுத்தக் கனமான குண்டு கட்டியாக வேண்டும். இத்தனை காரணங்கள் சேர்ந்துதான் அந்த 100 பவுண்டு நரம்பு.

நம் கண்மாய் விரால் பெரும்பாலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ. ஓட்டம் இல்லாத தண்ணீர். அவருடைய நரம்பை நாம் வாங்குவது, லாரி டயரைக் கொண்டுவந்து டிவிஎஸ் 50க்கு மாட்டுகிற வேலை.

ஆனால் அந்த வீடியோவில் நாம் கவனிக்காமல் விடுகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஸ்டர்ஜன் பிடிக்கிறவர்கள் குண்டை முக்கிய நரம்பில் நேராகக் கட்டுவதில்லை. அதைவிட மெலிந்த ஒரு துண்டு நரம்பில் தனியாகத் தொங்கவிடுவார்கள். குண்டு பாறையில் சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்து குண்டோடு போகும். மீனும் மிச்ச நரம்பும் தப்பும். இரண்டு, அவர்கள் போடும் தூண்டில் முள்ளில் எதிர்முள் கிடையாது. அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்குமே, கழலவிடாத அந்தச் சின்ன முள், அது இருக்காது. பிரேசர் நதியில் அது சட்டம். பிடித்த ஸ்டர்ஜனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பதும் அங்கே விதி. மீனைப் பிடிப்பதற்கு முன்னாலேயே, அது தப்பினால் என்ன ஆகும், நரம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த யோசனையைத்தான். நாம் எடுத்துக்கொண்டதோ பவுண்டுக் கணக்கை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நரம்பில் என்னென்ன வகை?

நைலான் நரம்பு. நம் பக்கம் தங்கூஸ் என்று சொல்வது இதைத்தான். 1938ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலானை உலகுக்கு அறிவித்தது. அதற்கு முன்னால் பட்டு, பருத்தி என்று திரித்த நூல்களில்தான் தூண்டில் போட்டார்கள். நைலான் ஒற்றை இழை. விலை குறைவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும். அந்த நீட்சிதான் அதன் பலம். மீன் திடீரென்று வெட்டி இழுக்கும்போது அதிர்ச்சியை நரம்பே வாங்கிக்கொள்ளும். குறை என்னவென்றால், தண்ணீரில் ஊறினால் பலம் கொஞ்சம் குறையும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் இற்றுப்போகும். மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பின்னல் நரம்பு. மிக மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. அதே தடிமனுள்ள நைலானைவிடப் பல மடங்கு தாங்கும். கிட்டத்தட்ட நீளவே நீளாது. தண்ணீரில் மிதக்கும். பாசியை அறுத்துக்கொண்டு வரும். குறை: கல்லிலும் முள்ளிலும் உரசினால் சீக்கிரம் நைந்துபோகும். வழுக்கும் தன்மை இருப்பதால் சாதாரண முடிச்சு போட்டால் உருவிக்கொண்டு போய்விடும். கையில் சுற்றி இழுத்தால் விரலை வெட்டிவிடும்.

ஃப்ளூரோகார்பன். தண்ணீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, மூழ்கும், உரசலைத் தாங்கும். விலை அதிகம். தெளிந்த தண்ணீரில் போடுகிறவர்களுக்கு உபயோகம். நம் கண்மாய்த் தண்ணீர் பெரும்பாலும் டீ கலரில் இருப்பதால், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இப்போது அட்டையில் எழுதியிருக்கும் எண்ணுக்கு வருவோம். ஒரு பவுண்டு என்பது 0.45 கிலோ. 20 பவுண்டு என்றால் 9 கிலோ, 40 பவுண்டு என்றால் 18 கிலோ. இது புது நரம்பை முடிச்சு இல்லாமல் நேராக இழுத்தால் கிடைக்கிற கணக்கு. சும்மா ஒரு ஒற்றை முடிச்சு விழுந்தாலே நரம்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 1939ல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், சாதனைகளைப் பதிவு செய்ய நரம்பைச் சோதிக்கும்போது நனைத்துத்தான் சோதிக்கிறது. மீன் இருப்பது தண்ணீரில்தானே! ஆக அட்டையில் இருப்பது மொத்த வருமானம். நனைந்தது, முடிச்சு, வெயில், பழசு எல்லாம் கழித்துக் கையில் நிற்பதுதான் நிகர லாபம்.

இன்னொரு கணக்கு. நரம்பின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எனவே தடிமன் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்காகும். 0.20 மி.மீ. நைலானுக்குப் பதில் 0.40 போட்டால் சுமார் நான்கு மடங்கு. 0.30ல் இருந்து 0.40க்குப் போனாலே ஒன்றே முக்கால் மடங்கு. ஒரே அளவு எண் போட்ட இரண்டு நரம்பில் ஒன்று மட்டும் ரொம்ப அதிகமாகத் தாங்கும் என்று அட்டை சொன்னால், பெரும்பாலும் பொய் சொல்வது அட்டைதான்.

சரி, இரண்டு கிலோ விராலுக்கு ஐந்து கிலோ தாங்கும் நரம்பு போதாதா?

திறந்த தண்ணீரில் போதும். மீன் தண்ணீருக்குள் இருக்கும்போது அதன் எடையை நரம்பு தூக்குவதே இல்லை, தண்ணீர்தான் தாங்குகிறது. நரம்பு தாங்குவது அதன் இழுப்பை மட்டும். ஆனால் விரால் திறந்த தண்ணீரில் இருக்கிற மீன் இல்லை. ஆகாயத்தாமரைக்கு அடியில், கோரைக்கு நடுவில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கருவேல மரத்தின் வேர்ப்பக்கம் ஒளிந்திருக்கும். காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு என்பதால், மற்ற மீன்கள் திணறுகிற பாசிக்குள்ளும் சுகமாக இருக்கும். முள்ளில் மாட்டியவுடன் முதல் வேலையாக அந்தப் புதருக்குள் திரும்பப் போகும். அப்போது நீங்கள் இழுப்பது இரண்டு கிலோ மீனை மட்டுமல்ல, அதைச் சுற்றிய பாசியையும் சேர்த்து. போதாததற்கு வாயில் பல் வேறு.

எனவே மீனின் எடையை வைத்து நரம்பு வாங்காதீர்கள். அது குடியிருக்கும் இடத்தை வைத்து வாங்குங்கள். இது முதல் பாதி.

இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியம்.

மெலிந்த நரம்பு போட்டால் என்ன ஆகும்? மீன் புதருக்குள் பாய்ந்ததும் அறும். முள் வாயிலேயே தங்க, பின்னால் ஐந்தாறு மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். அந்த நரம்பு ஏதாவது ஒரு வேரில் சுற்றிக்கொண்டால் மீன் அங்கேயே கட்டிப்போட்ட மாதிரி கிடந்து சாகும். உங்களுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை.

அதற்காக 80 பவுண்டு பின்னல் நரம்பு போட்டால்? முள் கருவேல வேரில் சிக்கும் (சிக்காமல் இருக்காது). 36 கிலோ தாங்கும் நரம்பை நீங்கள் இழுத்து அறுக்க முடியாது. ராடு உடையும், இல்லை கை வெட்டும். கடைசியில் என்ன செய்வோம்? கையோடு பிடித்திருக்கும் இடத்தில் நரம்பை வெட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். முப்பது மீட்டர் நரம்பு கண்மாயில் கிடக்கும். மெலிந்ததைவிட இது இன்னும் மோசம்.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான். அறுவதாக இருந்தால் முள்ளுக்குப் பக்கத்திலேயே அறும்படி கட்டுங்கள். அதாவது முக்கிய நரம்பைவிட, முள்ளில் கட்டும் கடைசித் துண்டு கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்கட்டும். விராலுக்கு நான் சொல்வது, முக்கிய நரம்பு 40 பவுண்டு பின்னல். அதன் முனையில் ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்துக்கு 0.50 மி.மீ. நைலான். அதன் முனையில் முள். நைலான் துண்டு பல்லின் உரசலையும் பின்னலைவிட நன்றாகத் தாங்கும். மீறிச் சிக்கினால் அந்த ஒரு அடித் துண்டுதான் போகும். பின்னல் நரம்பில் நேராகத் தவளையைக் கட்டுகிற கில்லாடிகள் உண்டு, அதில் மீன் அதிகம் விழும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

சிக்கிய நரம்பை இழுக்கும்போது ராடால் வெட்டி வெட்டி இழுக்காதீர்கள், கையிலும் சுற்றாதீர்கள். ஒரு குச்சியில் நான்கு சுற்று சுற்றி, ராடைக் கீழே வைத்துவிட்டு, நேராகப் பின்னால் நடங்கள். பலவீனமான இடம் எது என்று அப்போது தெரிந்துவிடும்.

கட்லா, ரோகு மாதிரி திறந்த தண்ணீரில் திரியும் மீனுக்குப் பின்னல் நரம்பே வேண்டாம். 0.30ல் இருந்து 0.35 மி.மீ. நைலான் போதும். வாய் மென்மையான மீன், நீளாத நரம்பில் வெட்டி இழுத்தால் வாய் கிழிந்து தப்பிவிடும். ஜிலேபிக்கு அதையும்விட மெலிந்தது போதும். ரீல் வைத்திருக்கிறவர்கள் அதன் பிடிமானத்தை நரம்பின் பலத்தில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். காய்கறிக்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் பலம் இழக்கும். ஒவ்வொரு முறையும் கடைசி ஒரு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் வெட்டிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பைக்குள், கரையில் அல்ல!

கையில் இருக்கும் காசில் பாதியையாவது நரம்புக்கும் முள்ளுக்கும் ஒதுக்குங்கள். மீனைத் தொடுவது அவை இரண்டும்தான். ராடு உங்களைத்தான் தொடுகிறது.

"இவ்வளவு அலட்டிக்கொள்ள ஒரு முழம் நரம்பில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். வேறு ஊராக இருந்தால் நானும் இவ்வளவு எழுதமாட்டேன். இது கண்மாய் நாடு. இங்கே தண்ணீர் நிரந்தரமாக நிற்காது. கோடையில் வற்றும். தண்ணீரில் நாம் விட்டுவந்தது எல்லாம் அப்போது தரைக்கு வந்துவிடும்.

வற்றிய கண்மாயில் ஆடு மாடு மேயும். மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி பக்கமெல்லாம் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும். பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கான பேர் ஊத்தா, கச்சா, வலையோடு சேற்றில் இறங்குவார்கள். ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகள் எல்லோரும் வெறுங்காலோடு. ஊத்தாவை அமுக்கிவிட்டு, மேல் ஓட்டை வழியாக வெறுங்கையை விட்டுச் சேற்றைத் துழாவுவார்கள். அந்தச் சேற்றில்தான் நாம் ஐப்பசியில் அறுத்துவிட்டு வந்த முள் கிடக்கிறது, துருவேறி, நரம்போடு. நம் வாரக்கடைசிப் பொழுதுபோக்கின் பற்று, கோடையில் ஒரு சின்னப் பிள்ளையின் உள்ளங்காலில் எழுதப்படுகிறது. எந்தப் பில்லிலும் இந்தச் செலவு வராது.

ஊத்தாவைப் பாருங்கள். மூங்கில் சிம்பில் கட்டியது. உடைந்தால் அடுப்புக்குப் போகும். அதைச் செய்தவர்களுக்குச் சுற்றுச்சூழல் என்ற வார்த்தை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நைலான் அப்படி இல்லை. மட்கிப்போக நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அடுத்தது பறவைகள். சாமநத்தம் கண்மாய்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பறவைகள்! கொக்கும் நாரையும் நீர்க்காகமும் நாம் முள் போடுகிற அதே தண்ணீரில்தான் சாப்பிடுகின்றன. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பல வருடமாக இப்படி. நம்மிடம் யாரும் அவ்வளவு பெரிய தியாகம் கேட்கவில்லை. வெட்டிய நரம்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொள் என்றுதான் கேட்கிறேன்.

ஈயக் குண்டும் அப்படித்தான். பிரிட்டனில் அன்னப்பறவைகள் கரையோரம் கிடந்த சின்ன ஈயக் குண்டுகளைக் கல் என்று விழுங்கி விஷமேறிச் செத்தன. 1987ல் அங்கே சிறிய ஈயக் குண்டு விற்பதையே தடை செய்தார்கள். நமக்கு மாற்று ரொம்ப சுலபம், பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். பழைய இரும்பு நட்டு ஒரு கை நிறையக் கொடுப்பார்கள். நடுவில் ஓட்டையும் இருக்கிறது, கட்ட வசதி. அதையும் ஸ்டர்ஜன்காரர்கள் மாதிரி மெலிந்த துண்டு நரம்பில் தனியாகத் தொங்கவிடுங்கள்.

முள்ளைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் முள் வாங்காதீர்கள். பளபளப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் தொலைந்த முள் நாளடைவில் துருவேறி இற்றுப்போவதுதான் நல்லது. எதிர்முள்ளைக் குறட்டால் ஒரு அமுக்கு அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். "அப்புறம் மீன் கழன்றுவிடாதா?" என்பார்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் அநேகமாகக் கழலாது. மாறாக, நரம்பு அறுந்து தப்பிய மீனால் முள்ளை உதறிவிட முடியும். உங்கள் விரலில் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் உருவி எடுக்கலாம். குட்டி மீன் மாட்டினால் காயமில்லாமல் திருப்பி விடலாம்.

என் நண்பன் ஒருவன் இதற்கு ஒரு மறுப்பு சொன்னான். "கண்மாயில் சாக்கடை விடுறாங்க, ஆக்கிரமிப்பு பண்றாங்க, குப்பை லோடு லோடா கொட்டுறாங்க. நீ என்னடான்னா ஒரு முழம் நரம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற." நியாயமான கேள்வி. சாக்கடையோடு ஒப்பிட்டால் நரம்பு ஒன்றுமே இல்லை. ஆனால் சாக்கடையை நிறுத்த நானும் அவனும் எத்தனை பேரிடம் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்? நரம்புக்கு யாரிடம் மனு? அது நம் சட்டைப்பையில் இருக்கிறது. பெரிய தப்பைக் காட்டிச் சின்னத் தப்புக்குத் தள்ளுபடி வாங்குகிற பழக்கத்தை நம் தலைமுறையாவது விட்டுவிடலாம்.

இன்னொருவன், "கண்மாய்க்கரைல மூங்கில் குச்சியில தங்கூஸ் கட்டிப் போடுற சின்னப் பசங்ககிட்ட போய் இதைச் சொல்லு பார்ப்போம்" என்றான். அவர்களிடம் சொல்ல வேண்டியதே இல்லை. அவர்கள் நரம்பு குச்சியின் நீளம்தான். முள் சிக்கினால் டவுசரோடு தண்ணீரில் இறங்கி எடுத்துவிடுவார்கள். ஏனென்றால் அந்த முள்ளின் விலை அவர்களுக்குப் பெரிசு. ரீல் வைத்து நாற்பது மீட்டர் வீசுகிற நாம்தான், பத்து ரூபாய் முள்தானே என்று வெட்டிவிட்டுப் போகிறோம். இதில் பாடம் படிக்க வேண்டியவர்கள் நாம்.

காவிரியில் மாசீர் என்றொரு மீன் உண்டு. நம் ஊர் ஸ்டர்ஜன் என்றே சொல்லலாம், அவ்வளவு பெரிசு. 1873லேயே மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மாசீருக்கு அதில் பெரிய இடம். காவிரியில் சேரும் கபினி நதியில் 1946ல் வான் இங்கென் என்பவர் பிடித்த மாசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. திமில் உள்ள அந்தக் காவிரி மாசீர் எந்த இனம் என்று விஞ்ஞானிகள் உறுதி செய்ததே 2018ல்தான். அதே வருடம் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக உலகப் பட்டியலில் ஏறியது. அதற்கு அணைகள், வெடிவைத்துப் பிடித்தது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மாசீர் இனம் என்று பல காரணங்கள். தூண்டில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மீனின் பெயர் நமக்குச் சரியாகத் தெரிவதற்குள்ளேயே அது இல்லாமல் போகலாம் என்பதற்கு இது போதாதா? மீனைக் கொடியில் வைத்த பாண்டியன் ஊர்க்காரர்கள் நாம். கொஞ்சம் கூடுதலாகவே கவலைப்படலாம், தப்பில்லை.

விராலுக்கு இன்று அந்த நிலை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தண்ணீர் மேலே செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியில் அல்ல, பிள்ளையைக் காப்பாற்ற. அங்கே தவளையை வீசினால் மீன் கட்டாயம் விழும். அதனால்தான் வீசக்கூடாது. காவலைப் பிடித்தால் குஞ்சு முழுக்க மற்ற மீன்களுக்குத் தீனி.

போவதற்கு முன் ஒரு விஷயம். கண்மாய் மீன் பொதுச் சொத்து மாதிரி தோன்றும். ஆனால் பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகை ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். "அண்ணே, ஒரு மணி நேரம் தூண்டில் போட்டுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கேட்காமல் போட்டால் அதற்கு வேறு பெயர் :-)

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மீன்பிடிக்கும் கரைகளில் பிவிசி குழாயை நட்டு வைத்து, அறுந்த நரம்பை அதில் போடச் சொல்கிறார்கள். சேர்ந்ததை எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். நமக்கு இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. வீட்டில் பிளம்பர் விட்டுப்போன இரண்டடி பிவிசி குழாய், அடியில் ஒரு மூடி, கரையில் இருக்கும் ஏதாவது ஒரு மரம், ஒரு துண்டுக் கம்பி. நாம் வழக்கமாகப் போகிற கண்மாயில் ஒன்று கட்டிவிடலாம் என்று வகுப்பில் நான்கு பேரிடம் பேசியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவன் சிரித்தான். ஒருவன் குழாய் இருக்கிறது என்றான். ஆரம்பிக்க இது போதும்.

அடுத்த முறை கடையில் நரம்பு வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அதைவிடக் கொஞ்சம் மெலிந்த நைலான் ஒரு சுருளும் வாங்குங்கள். நீங்கள் வாங்குகிற பொருட்களில் கண்மாய்க்காக வாங்குவது அது ஒன்றுதான்.

உங்கள் ஊர்க் கண்மாயில் என்ன மீன், என்ன நரம்பு, சிக்கினால் என்ன செய்கிறீர்கள்? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வரட்டுமா?